இருப்பில் எத்தனை கேஸ்? அமெரிக்காவில் மாஸ் டார்ட் வழக்குகள் நடக்கும் விதம்

அமெரிக்காவில் மாஸ் டார்ட், அதாவது ஒரே பொருளால் பாதிக்கப்பட்ட ஏராளமானோர் போடும் வழக்குகளை நடத்தும் வக்கீல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ‘இன்வென்டரி’ என்ற சொல் அடிக்கடி அடிபடும். கடைக்காரர் ஸ்டாக் என்று சொல்வதுபோலத்தான். “அவங்க இன்வென்டரி நாலாயிரம்” என்றால், அந்த நிறுவனத்துக்கு வக்காலத்துக் கொடுத்திருக்கும் நாலாயிரம் மனிதர்கள் என்று பொருள். மாத்திரை சாப்பிட்டு மாரடைப்பு வந்தவர், இடுப்பில் வைத்த செயற்கை மூட்டு கெட்டுப்போய் இரண்டாவது முறை ஆபரேஷன் செய்துகொண்டவர், ராணுவத்தில் கொடுத்த காதடைப்பானை நம்பிக் காது மந்தமானவர். கேட்க ஒரு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள இதைவிட நேர்மையான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

பலர் இதை கிளாஸ் ஆக்‌ஷனோடு குழப்பிக்கொள்கிறார்கள். கிளாஸ் ஆக்‌ஷனில் ஓரிருவர் எல்லோருக்குமாகச் சேர்த்து வழக்குப் போடுவார்கள், மற்றவர்களுக்கு ஒரு நோட்டீஸ் வரும், விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் உள்ளே இருப்பதாக அர்த்தம். ஒவ்வொரு கணக்கிலும் பத்து டாலர் கூடுதலாகப் பிடித்துவிட்ட வங்கி மேல் வழக்குப் போட அது சரி. உடம்பு சம்பந்தப்பட்ட விவகாரத்தில் ஒத்துவரவில்லை, ஏனென்றால் ஒரே மருந்தைச் சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவர் முப்பது வருடம் புகைபிடித்தவராக இருப்பார், இன்னொருவர் மொத்தமே பத்து மாத்திரைதான் சாப்பிட்டிருப்பார், பாதிப்பும் ஆளுக்கு ஆள் வேறு. 1997இல் ஆம்கெம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸால் பாதிக்கப்பட்டவர்களை ஒரே கிளாஸாகக் கட்டி முடித்துவிடப் பார்த்த சமரசத்தை ஏற்க மறுத்தது. 1999இல் ஆர்டிஸ் வழக்கிலும் அதே கதை. அதன்பிறகு இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் மாஸ் டார்ட் பாதையில்தான் போகின்றன: ஆளுக்கொரு வழக்கு, ஆளுக்கொரு எண், ஆளுக்கொரு ஒப்பந்தம், விசாரணை வந்தால் ஆளுக்கொரு ஜூரி. காகிதத்தில் எல்லாமே தனித்தனி, நடத்துவது மட்டும் மொத்தமாக. சட்ட நிறுவனங்கள் செய்யும் வேலை எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் நடக்கிறது.

ஆள் சேர்ப்பதிலிருந்து பார்ப்போம். 1977இல் பேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வக்கீல்கள் விளம்பரம் செய்யலாம் என்று சொல்லிவிட்டது. அதனால் அங்கே டிவியைப் போட்டால் “இந்த மருந்தை நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ சாப்பிட்டு இன்ன நோய் வந்திருக்கிறதா, உடனே கூப்பிடுங்கள்” என்று ஓடிக்கொண்டே இருக்கும். வடக்கு கரோலைனாவில் உள்ள கேம்ப் லெஜூன் ராணுவ முகாமில் 1953 முதல் 1987 வரை நச்சு கலந்த தண்ணீர் குடித்தவர்கள் அரசு மேல் வழக்குப் போட 2022 ஆகஸ்டில் தனிச் சட்டம் வந்தபோது இந்த விளம்பர மழை எல்லை மீறிப் போனது. இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது, டிவியில் வரும் நிறுவனம் பல நேரம் வழக்கே நடத்தாது என்பதுதான். சிலர் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகள். அவர்களுக்கு கால் சென்டர் இருக்கும், கையெழுத்தான ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வக்கீல்கள் நல்ல தொகை செலவழிப்பார்கள். சிலர் நிஜமான வக்கீல்களே, ஆனால் கேஸைப் பிடித்து வேறு பெரிய நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு ஃபீஸில் பங்கு வாங்கிக்கொள்வார்கள். இது சட்டப்படி தவறில்லை. கட்சிக்காரர் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும், அனுப்பியவர் வேலையிலோ பொறுப்பிலோ பங்கேற்க வேண்டும் என்பது விதி. என்றாலும் நடைமுறையில், “உங்க வக்கீல் யாரு” என்று கேட்டால் மூன்று பெயரைச் சொல்ல வேண்டிய நிலைமைக்குப் பல கட்சிக்காரர்கள் வந்துவிடுகிறார்கள்.

முன்பணம் கிடையாது. ஜெயித்தால் 33 முதல் 40 சதவீதம், தோற்றால் ஒன்றுமில்லை. இதுதான் கன்டிஞ்சன்சி ஒப்பந்தம். பிழைக்கத் தெரியாதவர்கள் போடும் ஒப்பந்தம்போலத் தோன்றும், ஆனால் மருந்து வழக்கு ஒன்றை விசாரணை வரைக்கும் கொண்டுபோக நிபுணர்களுக்கே மில்லியன் கணக்கில் செலவாகும், தனியாள் யாராலும் அதைத் தாங்க முடியாது. ஆயிரம் கேஸ் கையில் இருந்தால்தான் அந்தச் செலவு ஆயிரமாகப் பிரியும். இன்வென்டரி என்ற சொல்லைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தம் போட்டதும் கோர்ட்டுக்கு ஓடுவார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அடுத்த பல மாதங்கள் ஆஸ்பத்திரிக் காகிதம் சேர்க்கும் வேலைதான். கட்சிக்காரர் கையெழுத்திட்ட அனுமதிப் படிவத்தை வைத்து ஒவ்வொரு மருத்துவமனைக்கும், மருந்துக் கடைக்கும் எழுதிப் போட வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். செயற்கை இடுப்பு மூட்டு வழக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் நடக்கும்போது நர்ஸ் அந்த மூட்டு வந்த பெட்டியிலிருந்து ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து நோயாளியின் ஃபைலில் ஒட்டுவார். தயாரித்த நிறுவனத்தின் பெயர், கேட்டலாக் எண், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். வக்கீல் ஆபீஸில் இருக்கும் பாராலீகல் என்ற உதவியாளர், எழுநூறு பக்க ரெக்கார்டில் தேடுவது அந்த ஒரு பக்கத்தைத்தான். ஸ்டிக்கர் கிடைத்தால் கேஸ் இருக்கிறது. கிடைக்காவிட்டால், பத்து வருடம் வலியில் துடித்திருந்தாலும், யார் செய்த மூட்டு என்று நிரூபிக்க வழியில்லாமல் தடுமாற வேண்டியதுதான். மருத்துவமனைகள் பழைய ஃபைல்களைச் சில ஆண்டுகளில் அழித்துவிடுவதும் உண்டு. எனவே சாட்சிக் கூண்டில் ஜெயிப்பதற்கு முன்னால் ரெக்கார்ட் ரூமிலேயே தோற்றுப்போகிறவர்கள் நிறைய.

காலவரம்பு இன்னொரு கண்ணிவெடி. டென்னசியில் உடல் பாதிப்பு வழக்குக்கு ஓராண்டுதான் அவகாசம், பல மாநிலங்களில் இரண்டு. அந்தக் கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்பதே ஒரு சண்டை: மாத்திரை சாப்பிட்ட நாளிலிருந்தா, நோய் வந்த நாளிலிருந்தா, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தா? பெரும்பாலான மாநிலங்கள் ஏதோ ஒரு வகையில் மூன்றாவதை ஏற்கின்றன. அதனால் “டிவியில் விளம்பரம் வந்தபோதே உனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே” என்று கம்பெனி வக்கீல் கேட்பார். ஆள் சேர்க்கப் போட்ட விளம்பரமே ஆளுக்கு எதிராகத் திரும்பும் இடம் இது.

சரி, வழக்குப் போட்டாயிற்று. ஐம்பது மாநிலங்களில் ஆயிரக்கணக்கான வழக்கு, ஒவ்வொரு நீதிபதியும் அதே கம்பெனி விஞ்ஞானியைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. 1960களின் தொடக்கத்தில் மின்சாதன நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து விலை வைத்த விவகாரத்தில் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் குவிந்து நீதிமன்றங்கள் திணறிய பிறகு, 1968இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. தலைமை நீதிபதி நியமிக்கும் ஏழு நீதிபதிகள் கொண்ட குழு, ஃபெடரல், அதாவது மத்திய அரசின் நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கும் ஒரே மாதிரி வழக்குகளையெல்லாம் விசாரணைக்கு முந்திய வேலைகளுக்காக ஒரே நீதிபதியிடம் அனுப்பலாம். இதுதான் மல்ட்டி டிஸ்ட்ரிக்ட் லிட்டிகேஷன், சுருக்கமாக எம்.டி.எல். அந்தக் குழு ஊர் ஊராகப் போய் அமர்வு நடத்தும், எந்த ஊர் எந்த நீதிபதி என்று வாதாட வக்கீல்கள் விமானம் பிடித்து வந்து ஒருசில நிமிடம் பேசிவிட்டுப் போவார்கள். சட்டப்படி, முன்வேலை முடிந்ததும் ஒவ்வொரு வழக்கும் புறப்பட்ட நீதிமன்றத்துக்கே விசாரணைக்குத் திரும்ப வேண்டும். 1998இல் லெக்ஸிகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தந்திருத்தமாகச் சொன்னது. நடைமுறையில் திரும்பிப் போகிற வழக்குகள் மிகச் சொற்பம். ஃபெடரல் நீதிமன்றங்களில் நிலுவையில் இருக்கும் சிவில் வழக்குகளில் சமீப ஆண்டுகளில் பாதிக்கும் மேல் எம்.டி.எல்.லில்தான் இருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஜூரி முகத்தையே பார்க்காமல் முடிகிற வழக்குகள் எத்தனை என்று புரியும்.

எம்.டி.எல்.லுக்குள் போனதும் வக்கீல்கள் இரண்டு ஜாதியாகப் பிரிகிறார்கள். நீதிபதி நியமிக்கும் வழிகாட்டுக் குழுவில் இடம்பிடிக்கும் சில பேர், மற்ற எல்லோரும். குழுவில் இருப்பவர்கள்தான் கம்பெனியின் லட்சக்கணக்கான ஈமெயில்களைப் படிப்பார்கள், அதிகாரிகளை உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்வார்கள், நிபுணர்களைப் பிடிப்பார்கள், கடைசியில் பேரமும் பேசுவார்கள். குழுவுக்கு விண்ணப்பம் போட வேண்டும். ஏற்கெனவே நாலு எம்.டி.எல்.லில் இருந்தவருக்குத்தான் ஐந்தாவதிலும் இடம் கிடைக்கும், எனவே ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப வரும். எதிர்த்தரப்பு வக்கீல்களோடு இருபது வருடப் பழக்கம் இருக்கும். இது நல்லதா கெட்டதா என்று பேராசிரியர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது: பேரம் சீக்கிரம் படிய அந்தப் பழக்கம் உதவும், கட்சிக்காரருக்கு எப்போதும் உதவும் என்று சொல்ல முடியாது. குழுவில் இல்லாத நிறுவனங்களுக்கு என்ன வேலை? கட்சிக்காரர் போன் செய்தால் “இன்னும் நடந்துகொண்டிருக்கிறது” என்று சொல்வது, வாதி விவரப் படிவத்தை நிரப்புவது. இந்தப் படிவத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பத்து வருடத்து டாக்டர்கள், மருந்துகள், வேலை, பழக்கவழக்கம் எல்லாம் கேட்கும். ஒரு பகுதியை விட்டுவிட்டால் குறை நோட்டீஸ் வரும், கெடுவுக்குள் சரிசெய்யாவிட்டால் வழக்கே தள்ளுபடி, மறுபடி போடவும் முடியாது. வீடு மாறிப் புது முகவரியைச் சொல்லாமல்விட்ட ஒரே காரணத்தால் வழக்கை இழந்தவர்களும் உண்டு.

இத்தனை ஏற்பாடும் ஒரே தீர்ப்பில் சரிந்து விழலாம். சான்டாக் கதை அப்படித்தான். சான்டாக் என்ற பெயரில் விற்ற, நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் ரானிடிடின் மாத்திரையில் என்.டி.எம்.ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் சேர்வதாகத் தெரிந்து 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. விளம்பரங்கள் பறந்தன, ஃபெடரல் வழக்குகள் ஃப்ளோரிடாவில் நீதிபதி ராபின் ரோசன்பெர்க்கிடம் போய்ச் சேர்ந்தன. 2022 டிசம்பரில் அவர் 341 பக்கத் தீர்ப்பில், மாத்திரைதான் புற்றுநோயை உண்டாக்கியது என்று சொன்ன வாதித் தரப்பு நிபுணர்களின் முறை நம்பத்தக்கதல்ல என்று ஒதுக்கினார். நிபுணர் போனால் வழக்கும் போச்சு. ஆனால் அதே மாத்திரை, அதே மாதிரி நிபுணர்கள், டெலவேர் மாநில நீதிமன்றத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் காத்திருந்தன. அங்கே 2024 மே மாதம் நீதிபதி நிபுணர்களை அனுமதித்தார், அந்த அக்டோபரிலேயே, சான்டாக் விற்ற ஜி.எஸ்.கே நிறுவனம் ஏறத்தாழ 80,000 வழக்குகளை முடிக்க 220 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. 2025 ஜூலையில் டெலவேர் உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. ஒரே மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் யாருக்குப் பணம், யாருக்கு வெறுங்கை என்பதைத் தீர்மானித்தது வக்கீல் எந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார் என்பதுதான்.

நிபுணர் கட்டத்தைத் தாண்டினால் வருவது பெல்வெதர் விசாரணை. மந்தைக்கு முன்னால் நடக்கிற, கழுத்தில் மணி கட்டிய ஆட்டுக்குத்தான் அந்தப் பெயர். ஆயிரக்கணக்கான வழக்குகளில் சிலவற்றை மட்டும் எடுத்து நிஜ ஜூரி முன்னால் நடத்திப் பார்ப்பார்கள், மந்தை எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துகொள்ள. 3எம் நிறுவனத்தின் காதடைப்பான் வழக்கில் 16 விசாரணைகள் நடந்தன, பத்தில் முன்னாள் ராணுவத்தினர் ஜெயித்தார்கள், 2023 ஆகஸ்டில் நிறுவனம் சுமார் 600 கோடி டாலருக்கு இறங்கிவந்தது. இதிலும் விளையாட்டு இருக்கிறது. ஆளுக்குச் சிலவற்றை இரு தரப்பும் தேர்ந்தெடுக்கும்போது வக்கீல் தன் மிகப் பரிதாபமான கட்சிக்காரரை முன்னே தள்ளுவார், கம்பெனி பலவீனமான கேஸாகப் பார்த்துப் பொறுக்கும். ரொம்ப வலுவான வழக்கு விசாரணைக்கு வரும்போல இருந்தால் கம்பெனி அதை மட்டும் சத்தமில்லாமல் பணம் கொடுத்து முடித்துவிடும். முன்னால் போகிற ஆடு மந்தையின் சராசரி ஆடுதானா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

சமரசம் எப்படி இருக்கும் என்று பார்க்க வையாக்ஸ் வழக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. மெர்க் நிறுவனத்தின் வலி மாத்திரை, மாரடைப்பு ஆபத்து காரணமாக 2004 செப்டம்பர் 30 அன்று திரும்பப் பெறப்பட்டது. 2005இல் டெக்சாஸில் முதல் ஜூரி 25.3 கோடி டாலர் கொடுத்தது, பின்னால் மேல்முறையீட்டில் அது ஒன்றுமில்லாமல் போனது. அடுத்து வந்த விசாரணைகளில் பெரும்பாலானவற்றை மெர்க்கே வென்றது. அப்புறம் 2007 நவம்பரில் மொத்தமாக 485 கோடி டாலருக்கு ஒப்பந்தம். அதில் பணம் வாங்க மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். மாரடைப்போ ரத்த அடைப்பால் வந்த பக்கவாதமோ இருக்க வேண்டும், குறைந்தது 30 மாத்திரை வாங்கியதற்குச் சான்று வேண்டும், பாதிப்பு வந்ததற்கு முந்தைய 14 நாளுக்குள் மாத்திரை சாப்பிட்டிருக்க வேண்டும். மூன்றையும் தாண்டியவருக்குப் புள்ளிகள் போடுவார்கள். வயது கூடினால் புள்ளி குறையும், புகைபிடித்தால் குறையும், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் குறைக்கும், நீண்டநாள் மாத்திரை சாப்பிட்டிருந்தால் ஏறும். ஆளுக்கொரு வழக்கு என்று ஆரம்பித்தது ஆளுக்கொரு மதிப்பெண்ணில் வந்து நிற்கிறது. இதைக் கொடுமை என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. ஐம்பதாயிரம் பேருக்கு ஐம்பதாயிரம் ஜூரி கூட்ட முடியாது, ஒரே தொகையை எல்லோருக்கும் கொடுப்பதும் அநியாயம்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்து இருந்தது, அதுதான் உறுத்துகிறது. தகுதியுள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சேராவிட்டால் மெர்க் விலகிக்கொள்ளலாம். அதோடு, இதில் கலந்துகொள்ளும் வக்கீல் தன் கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் இதை ஏற்கும்படி பரிந்துரைக்க வேண்டும், மறுப்பவர்களின் வழக்கிலிருந்து தொழில் ஒழுக்க விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு விலகிக்கொள்ள வேண்டும். அதாவது “வேண்டாம்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, சொன்னால் வக்கீல் இருக்க மாட்டார். கம்பெனி பக்கத்து நியாயம் புரிகிறது, இவ்வளவு பணம் கொடுத்த பிறகும் வலுவான ஆயிரம் வழக்குகள் மீந்திருந்தால் கொடுத்ததற்கு அர்த்தமில்லை. வக்கீலின் நிலைமைதான் தர்மசங்கடம், மூவாயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்கு நல்லது மீதி நூறு பேருக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.

இதற்காகவே ஒரு தொழில் விதி இருக்கிறது. பல கட்சிக்காரர்களுக்குச் சேர்த்து ஒரே சமரசம் பேசினால், மற்றவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பது உட்பட எல்லாம் சொல்லி, ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பெரும்பான்மை கையைத் தூக்கினால் போதாது. இதில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் பவுடர் வழக்கைப் பார்க்கலாம். டால்க் பவுடரால் புற்றுநோய் வந்ததாகச் சொல்லும் வழக்குகளை ஒரு துணை நிறுவனத்தில் தள்ளித் திவால் நீதிமன்றம் வழியாக முடிக்க அந்த நிறுவனம் மூன்று முறை முயன்றது. முதல் இரண்டும் 2023இல் தள்ளுபடி ஆயின. மூன்றாவதில், தேவையான 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வாக்கு இருப்பதாகச் சொன்னார்கள். 2025 மார்ச் 31 அன்று ஹூஸ்டன் திவால் நீதிபதி கிறிஸ்டோபர் லோபஸ் அதையும் நிராகரித்தார், வாக்கெடுப்பு நடந்த விதத்தில் இருந்த குறைகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த வாக்குகளில் ஏராளமானவை கட்சிக்காரர்கள் சார்பில் வக்கீல்கள் மொத்தமாகப் போட்டவை.

கடைசியாகப் பணம். கணக்குப் புரிய ஒரு கற்பனைக் காகிதத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளிப்படி ஒருவருக்கு 1,00,000 டாலர் வந்திருக்கிறது. முதல் வரி: ஒப்பந்தப்படி 40 சதவீதம் ஃபீஸ், 40,000. இதற்குள்ளிருந்துதான் ஆள் பிடித்துக் கொடுத்தவரின் பங்கும், வழிகாட்டுக் குழு உழைத்ததற்கான பொதுநிதிப் பங்கும் போகும். (வையாக்ஸில் நீதிபதி எல்டன் ஃபாலன் மொத்த ஃபீஸையே 32 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தினார், பொதுநிதிக்குப் போனது 31.5 கோடி டாலர்.) இரண்டாவது வரி: இவருடைய வழக்குக்கென்று ஆன செலவு, ரெக்கார்டு வாங்கியது, வழக்குக் கட்டணம் 405 டாலர், மற்றதெல்லாம் சேர்த்து 3,500. மூன்றாவது: எல்லோருக்கும் பொதுவான செலவில் இவர் பங்கு 2,000. நான்காவதுதான் பலரை அதிரவைக்கும் வரி. இவருடைய ஆஸ்பத்திரிச் செலவை அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கட்டியிருந்தால், இழப்பீடு வந்ததும் அது தன் பணத்தைத் திருப்பிக் கேட்கும். 1980இலிருந்து சட்டம் அப்படி. அந்தப் பாக்கியைத் தீர்க்காமல் கட்சிக்காரர் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டால் வக்கீலே மாட்டிக்கொள்ளலாம் என்பதால், பாக்கியைப் பேசிக் குறைப்பதற்கென்றே தனி நிறுவனங்களை அமர்த்துவார்கள். இங்கே அது 12,000, பேசிக் கொடுத்த நிறுவனத்துக்கு 500. மீதி 42,000 டாலர். மெடிகேர் இறுதித் தொகையைச் சொல்லும்வரை அதிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள்.

இந்தக் காகிதம் கட்சிக்காரர் வீட்டுக்கு வரும்போது அவர் டிவி பார்த்து போன் செய்து ஆறேழு வருடம் ஆகியிருக்கலாம். சிலர் இறந்துபோய் மகளோ மகனோ வாரிசுச் சான்றிதழ் வாங்க அலைந்துகொண்டிருப்பார்கள். கூடவே இன்னொரு படிவமும் இருக்கும்: கம்பெனி தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, இனி இது தொடர்பாக எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்று எழுதியிருக்கும், நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அது திரும்பிப் போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்து செக் வரும், ஆபீஸ் கணினியில் அந்த எண்ணுக்கு நேரே ‘குளோஸ்டு’ என்று மாறும்.